நியான் விளக்குகளால் டெராஹெர்ட்ஸ் படம்: பதினாறு தடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் எளிய மின்சுற்று

திருப்பூரில் ஏற்றுமதிக்கான பின்னலாடைகளை மடித்துப் பெட்டி போடுகிறவர்களுக்கு மழைக்காலம் வந்துவிட்டால் ஈரத்தைப் பற்றிய கவலையும் கூடவே வந்துவிடும். சரியாகக் காயாத ஒரு தையல் மடிப்போ, அயர்ன் செய்யும்போது நீராவி அதிகமாக இறங்கிய ஒரு கழுத்துப் பட்டையோ பாலித்தீன் பைக்குள் அடைபட்டுக் கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தால், போய்ச் சேரும் ஊரில் பூஞ்சைப் புள்ளிகளோடுதான் பெட்டி திறக்கும். ஈரமானியைத் துணியின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் எட்டு மடிப்புக்கு உள்ளே இருப்பது அதற்குத் தெரிவதில்லை. "பையைப் பிரிக்காம, உள்ள எந்த இடத்துல ஈரம் நிக்குதுன்னு காட்டற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுங்களா?" என்று பேக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டதை ஒட்டி, கோவை கணபதியில் உள்ள என் பட்டறையில் நான் கட்டிய கருவியின் பதிவு இது.

மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்ட மின்காந்த அலைகளான டெராஹெர்ட்ஸ் அலைகள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை போன்றவை. பொதுவாக 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அப்பெயரால் குறிக்கிறார்கள். பருத்தி, காகிதம், அட்டை, பாலித்தீன் ஆகியவற்றை இந்த எல்லையின் கீழ்ப்பகுதி அலைகள் எளிதாகக் கடக்கும். உலோகம் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் கடுமையாக உறிஞ்சும். நான் பயன்படுத்தும் 100 ஜிகாஹெர்ட்ஸ் அலையில், அதாவது அந்த எல்லை தொடங்கும் இடத்தில், அலைநீளம் 3 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்ப் படலம் இருந்தாலே ஆயிரத்தில் ஒரு பங்குகூட மறுபக்கம் வராது. 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தித் துணியில் இயல்பான ஈரம் 8.5 சதவீதம் என்று கொண்டால், எட்டு மடிப்பில் இருக்கும் மொத்தத் தண்ணீர் 0.12 மில்லிமீட்டர் படலத்துக்குச் சமம். அது தாராளமாகப் படம் எடுக்கக்கூடிய அளவு. உறிஞ்சுதல் அடுக்குக்குறி முறையில் நடப்பதால் வேறுபாடும் பளிச்சென்று தெரியும்: இயல்பான இடத்தில் மூன்றில் ஒரு பங்கு அலை கடந்து வருகிறது என்றால், ஈரம் மூன்று மடங்கான இடத்தில் இருபத்தேழில் ஒரு பங்குதான் வரும்.

அலை மூலத்தை ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரவலாகப் பெற்றேன். இம்பாட் டயோடு (மில்லிமீட்டர் அலையை எழுப்பும் குறைக்கடத்தி) கொண்ட அந்த மூலத்துக்கு ஆன்-ஆஃப் கட்டளையை ஏற்கும் ஒரு டி.டி.எல். நுழைவாய் உண்டு, அதில் சதுர அலை கொடுத்தால் வெளிவரும் அலை அதே கதியில் அணைந்து எரியும். மூலம் விலை மலிவான பொருள் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் மலிவாக்கியது உணரிகளையும், உணரிகளுக்குப் பின்னால் உள்ள மின்சுற்றையும் மட்டுமே. வேகம் வீணாகிக்கொண்டிருந்ததும் அந்தப் பின்பகுதியில்தான்.

அது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆய்வகங்களில் வழக்கமாக ஒரே ஓர் உணரியை வைத்து, பொருளை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரின் (குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் வரும் மின்குறியை, அதாவது சிக்னலை, மட்டும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கருவியின்) அளவைக் குறித்துக்கொள்வார்கள். மடித்த டி-ஷர்ட் ஒன்றின் பரப்பு சுமார் 24 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளம். அதை 3.81 மி.மீ. இடைவெளியில் எடுத்தால் 5,888 புள்ளிகள். லாக்-இன் கருவியின் காலமாறிலியை (அதன் வடிகட்டி எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதன் அளவை) 300 மில்லிநொடியில் வைத்தால், அதன் வடிகட்டி புதிய அளவுக்கு 99 சதவீதம் வந்து நிலைகொள்ள ஐந்து காலமாறிலிகள், அதாவது ஒன்றரை நொடி காத்திருக்க வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம். இதில் உணரி தன் வேலையை முடிக்க எடுத்துக்கொள்வது மைக்ரோநொடிகள். மீதி முழுவதும் வடிகட்டியின் வால் அடங்கும் வரை காத்திருப்பது. அந்தக் கருவியின் விலையோ லட்சக்கணக்கில். பதினாறு உணரிகளுக்குப் பதினாறு லாக்-இன் வாங்குவது நடக்காத காரியம்; ஒன்றையே ஸ்விட்ச் போட்டுப் பதினாறுக்கும் சுழற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி ஒன்றரை நொடி போய்விடும்.

உணரியாக நான் தேர்ந்தது சாதாரண நியான் காட்டி விளக்கு. ஸ்விட்ச் போர்டில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளிக்குள் இருக்கும் அதே 6 மி.மீ. கண்ணாடிக் குமிழ்தான், காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். ஒளிரும் வாயுவின் மீது மில்லிமீட்டர் அலை விழும்போது எலக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றல் பெற்று, அயனியாக்கம் சற்று மிகுந்து, விளக்கின் மின்னோட்டம் மாறுகிறது. கோபெய்க்கா, ஃபர்ஹாத் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களிலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். பின்னர் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் கோபெய்க்காவின் குழுவினர் இத்தகைய விளக்குகளை அணியாக அடுக்கிப் படமே எடுத்தார்கள். குளிரூட்டத் தேவையில்லை, தவறுதலாக அதிக ஆற்றல் பட்டாலும் கெடாது, வேகமானது. இந்த மூன்று குணமும் சேர்ந்த வேறொரு மலிவான உணரி எனக்குத் தெரிந்து இல்லை.

விளக்குகளைப் பொறுக்கி எடுப்பதில் அவசரப்படக் கூடாது. ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த விளக்குகளே எரியத் தொடங்கும் மின்னழுத்தத்தில் பத்து, பதினைந்து வோல்ட் வேறுபடும். ஒவ்வொன்றையும் ஒரே ரெசிஸ்டர் வழியாக எரியவிட்டு, சில மணி நேரம் பழக்கி, அதன் பிறகு தாங்கு மின்னழுத்தத்தை (எரிந்துகொண்டிருக்கும்போது விளக்கில் நிற்கும் மின்னழுத்தத்தை) அளந்து, நெருங்கிய அளவு உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நேர் மின்சாரத்தில் நியான் விளக்கின் இரு கம்பிகளில் எதிர்முனைக் கம்பி மட்டுமே ஒளிரும். அதைக் கண்ணால் பார்த்து, எல்லா விளக்குகளும் ஒரே பக்கம் ஒளிரும்படி பொருத்தினேன். மின்னோட்டத்தை 3 மில்லியாம்பியருக்கு உயர்த்தினால், ஒளி கம்பியின் ஒரு பகுதியில் அலைந்துகொண்டிருக்காமல் முழுக் கம்பியையும் ஆரஞ்சு உறையாகப் போர்த்திக்கொள்ளும். அந்த நிலையில்தான் இரைச்சல் அடங்குகிறது. இது காட்டி விளக்காக அது தாங்கவேண்டிய அளவைவிட அதிகம் என்பதால் ஆயுள் வெகுவாகக் குறையும்; விலையை நினைத்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மின்வழங்கியைச் சுவிட்ச் வகையில் கட்ட நான் விரும்பவில்லை. அதன் இரைச்சல் நமக்கு வேண்டிய அதிர்வெண்ணிலேயே வந்து உட்காரும். 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இரண்டை எடுத்து, 12 வோல்ட் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்தேன். ஒன்றின் 230 வோல்ட் பக்கம் மெயின்ஸுக்கு. மற்றதன் 230 வோல்ட் பக்கத்திலிருந்து, மெயின்ஸோடு தொடர்பற்ற உயரழுத்தம் கிடைக்கிறது. அதை நேராக்கி, 62 வோல்ட் ஜீனர் நான்கைத் தொடராக வைத்த ஐ.ஆர்.எஃப்.840 மாஸ்ஃபெட் வழியாகச் செலுத்தினால் 240 வோல்ட்டுக்குச் சற்று மேல் அமைதியான நேர் மின்சாரம் வருகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் 56 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. விளக்கில் 70 வோல்ட் நிற்க, மீதி ரெசிஸ்டரில் விழுந்து 3 மில்லியாம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் அரை வாட் வெப்பம் எழுவதால் 2 வாட் போடுவதே நல்லது. ரெசிஸ்டரை விளக்கின் காலை ஒட்டியே வைக்க வேண்டும். நீளக் கம்பி விட்டால், கம்பியின் கெப்பாசிட்டன்ஸும் விளக்கும் சேர்ந்து தானாகவே அலைவு எழுப்பத் தொடங்கும். இதைக் கட்ட முனைகிறவர்கள் 240 வோல்ட் நேர் மின்சாரம் உயிருக்கு ஆபத்தானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: வடிகட்டிக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே வடிப்பு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

விளக்கும் ரெசிஸ்டரும் சேரும் இடத்திலிருந்து 10 நானோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் வழியாகக் குறியை எடுக்கிறேன். அதன் பின்னால் 10 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டரும், இரு திசையிலும் 1என்4148 டயோடுகளும் உள்ளன. விளக்கு பற்றிக்கொள்ளும் கணத்தில் அந்த இடம் 240 வோல்ட்டிலிருந்து 70 வோல்ட்டுக்குச் சரிகிறது. அந்த 170 வோல்ட் துள்ளல் கெப்பாசிட்டரைத் தாண்டி நேரே ஆம்ப்ளிஃபயரின் வாயில் விழும். டயோடுகள் இல்லாமல் எந்த ஐ.சி.யும் அதைத் தாங்காது. ஆம்ப்ளிஃபயராக டி.எல்.074 ஐ.சி. நான்கு, ஒவ்வொன்றிலும் நான்கு ஆப்-ஆம்ப் (பெருக்கி), ஆகப் பதினாறு தடங்கள். இதைவிட இரைச்சல் குறைந்த விலையுயர்ந்த ஐ.சி.க்களைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஒளிரும் வாயுவின் சொந்த இரைச்சல் ஆப்-ஆம்பின் இரைச்சலைவிட மிக அதிகமாக இருக்கும்போது அந்தப் பணம் வீண் என்பது என் துணிபு. பெருக்கம் 100 மடங்கு. இந்த ஐ.சி.யின் இயல்பிலேயே அந்தப் பெருக்கத்தில் 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது தளர்ந்துவிடுவது நமக்கு அனுகூலம்.

இனிதான் விஷயத்தின் மையம். ஏ.டி.7606 என்ற ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும்) ஐ.சி.யில் எட்டு நுழைவாய்கள் உண்டு. எட்டையும் ஒரே கணத்தில் பிடித்து, 16 பிட் எண்களாக, நொடிக்கு இரண்டு லட்சம் முறை வரை தரும். மாட்யூலாகவே கிடைப்பதால் நுணுக்கமான சால்டரிங் தேவையில்லை. இரண்டு மாட்யூல்களையும் எஸ்.டி.எம்.32 எஃப்.407 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றோடு இணைத்தேன். போர்டில் உள்ள ஒரே டைமர் இரு மாட்யூல்களுக்கும் 'பிடி' என்று கட்டளையிடுகிறது. அதே டைமரின் துடிப்பை நான்கால் வகுத்தது அலை மூலத்தை அணைத்து எரியவிடுகிறது. ஆகவே மூலத்தின் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக நான்கு மாதிரிகள் விழும். லாக்-இன் கருவி செய்கிற வேலை, குறியைச் சைன் அலையாலும் கொசைன் அலையாலும் பெருக்கிக் கூட்டுவது. சுற்றுக்கு நான்கு மாதிரி என்றாகிவிட்டால் அந்தச் சைனும் கொசைனும் 1, 0, -1, 0 என்ற எண்களாகவே சுருங்கிவிடும். பெருக்கலே இல்லை: முதல் மாதிரியைக் கூட்டு, மூன்றாவதைக் கழி, இரண்டாவதை இன்னொரு தொட்டியில் கூட்டு, நான்காவதைக் கழி. ஒரு விளக்குக்கு இரண்டு கூட்டுத்தொகைகள், அவ்வளவே. மூலமும் மாதிரி எடுப்பும் ஒரே கடிகாரத்திலிருந்து பிறப்பதால் கட்டம் தவற வழியில்லை; ஆய்வக லாக்-இன்னில் சிக்கலான பகுதியான மேற்கோள் குறியைப் பின்தொடரும் சுற்றும் இங்கே தேவையற்றுப் போகிறது.

வடிகட்டியாக நான் வைத்திருப்பது 20 மில்லிநொடி நேரம் கூட்டி, தொகையை வெளியே அனுப்பிவிட்டு, தொட்டியைச் சுழியாக்கி மறுபடி தொடங்குவது. லாக்-இன் கருவியின் ஆர்.சி. (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) வடிகட்டிக்கு இருப்பதுபோல் இதற்கு வால் கிடையாது. முந்தைய புள்ளியின் நினைவு அடுத்த புள்ளியில் துளியும் ஒட்டாது. 20 மில்லிநொடி முடிந்தால் அளவும் முடிந்தது. வால் நீங்கியதும், கூட்டும் நேரத்தைக் குறைத்ததும் சேர்ந்தே ஒன்றரை நொடியை 20 மில்லிநொடியாகச் சுருக்கின. பதினாறு விளக்குகளும் இணையாக ஓடுவது அதன் மேல் கிடைக்கும் பதினாறு மடங்கு. குறுகிய நேரம் கூட்டுவதால் இரைச்சல் ஏறத்தான் செய்கிறது. ஆனால் மூலத்தின் ஆற்றல் பத்துக் கணக்கான மில்லிவாட் இருக்கும்போது ஈரத்துக்கும் உலர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண அது போதுமானதாகவே இருக்கிறது.

20 மில்லிநொடி என்ற எண்ணை நான் தேர்ந்ததற்குக் காரணம் நம் ஊரின் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸின் ஒரு முழுச் சுற்று அது. பண்பேற்ற அதிர்வெண்ணை, அதாவது மூலம் அணைந்து எரியும் கதியை, 50-இன் முழுப் பெருக்காக, 9.65 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தேன். 20 மில்லிநொடியில் சரியாக 193 சுற்றுகள். இப்படி அமைத்தால் அதிலிருந்து 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று தள்ளியிருக்கும் எந்தக் குறுக்கீடும் கூட்டுத்தொகையில் தானாகவே சுழியாகிவிடும். மெயின்ஸ் ஹம்முக்கு மட்டுமல்லாமல் இன்னொரு பெரிய தொல்லைக்கும் இது மருந்தாகிறது. கோவைப் பட்டறைகளிலும் திருப்பூர் நிட்டிங் கூடங்களிலும் மோட்டார்கள் வி.எஃப்.டி.யில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியில்) ஓடுகின்றன, அவற்றின் சுவிட்சிங் அதிர்வெண் பெரும்பாலும் 4, 8, 10 கிலோஹெர்ட்ஸ் என்ற முழு எண்களில் இருக்கும். அக்கம்பக்கத்து லேத்தின் 10 கிலோஹெர்ட்ஸ் ஊளை நம் அதிர்வெண்ணிலிருந்து 350 ஹெர்ட்ஸ் தள்ளி, அதாவது ஐம்பதின் ஏழு மடங்கில் விழுவதால் படத்தில் தடம் பதிப்பதில்லை. கருவியை எங்கே வைத்தாலும் முதலில் மூலத்தை அணைத்துவிட்டு, பதினாறு தடங்களின் இரைச்சலையும் அதிர்வெண் வாரியாக வரைந்து பார்த்து, அமைதியான இடத்தில் பண்பேற்றத்தை வைப்பதை நான் முதல் வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏ.டி.சி.யிலிருந்து நொடிக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வருகின்றன. கூட்டிக் கழித்து முடித்த பின் கணினிக்குப் போவது நொடிக்கு 1,600 எண்கள்தான். 115200 வேகத்தில் ஓடும் சாதாரண சீரியல் இணைப்பே அதைச் சுமந்துவிடும். கணினிப் பக்கத்து நிரலைப் பைத்தானில் எழுதினேன். அதில் சொல்லத்தக்க நுட்பம் எதுவும் இல்லை.

விளக்குகளை டாட் போர்டில் (2.54 மி.மீ.க்கு ஒரு துளை உள்ள பலகையில்) மூன்று துளைக்கு ஒன்றாக, 7.62 மி.மீ. இடைவெளியில், நுனி அலையைப் பார்த்திருக்கும்படி நட்டேன். எட்டு விளக்குக்கு ஒரு போர்டு. இரண்டாவது போர்டை முதலாவதிலிருந்து அரை இடைவெளி பக்கவாட்டில் தள்ளி, 15.24 மி.மீ. பின்னால் வைத்தால், துணி நகரும்போது இரு வரிசைகளும் மாறி மாறி இட்டு நிரப்பி 3.81 மி.மீ. நுணுக்கம் தரும். பொருள் ஒரு வரிசையைக் கடந்து அடுத்ததற்கு வரும் நேரத்தை நிரலில் ஈடுசெய்ய வேண்டும்: நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் அது 38 அளவுகள். துணியை விளக்குகளிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் ஓட்டுகிறேன், அதற்கு மேல் விலகினால் அலை பரவி ஓரங்கள் மங்கும். அந்தத் தூரத்திலேயே மங்கல் 5 மி.மீ.க்குச் சற்று மேல் என்பதால் விளக்குகளை இன்னும் நெருக்கி அடுக்குவதில் பெரிய பயன் இல்லை.

மூலத்திலிருந்து விரிந்து வரும் அலையை இணையாக்க ஒரு லென்ஸ் வேண்டும். அடர் பாலித்தீன் உருளையை லேத்தில் கடைந்தால் போதும். அதன் ஒளிவிலகல் எண் 1.54, ஆகவே 81 மி.மீ. ஆரத்தில் ஒரு பக்கம் குவித்தால் குவியத் தூரம் 150 மி.மீ. கடைந்து கொடுத்தவர், "ஏனுங்க, பளபளன்னு பாலிஷ் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டார். தேவையில்லை. அலைநீளம் 3 மி.மீ. இருக்கும்போது டூல் விட்ட கோடுகள் அலைக்குத் தெரியவே தெரியாது. வடிவம் சரியாக இருந்தால் போதும்.

முழு அணியையும் கறுப்பு அட்டைப் பெட்டிக்குள் மூட வேண்டும், ஏனென்றால் நியான் விளக்கு வெளிச்சத்துக்கும் மசியும். மூடிய பிறகு வேறொரு குணம் தலைகாட்டும்: முழு இருட்டில் நியான் விளக்கு பற்றிக்கொள்ளத் தாமதிக்கும், சில நேரம் பற்றவே பற்றாது. பெட்டிக்குள் சிறிய எல்.இ.டி. ஒன்றை வைத்து, தொடக்கத்தில் மட்டும் அதை ஒளிரவிட்டால், பதினாறும் பட்டென்று எரிந்துவிடுகின்றன. ஒன்று எரிந்தால் அதன் வெளிச்சமே பக்கத்து விளக்கையும் எழுப்பிவிடும்.

தூய அலை என்பதால், துணிக்கும் விளக்குகளுக்கும் இடையில் முன்பின் எதிரொளித்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு வரி என்று பட்டைகள் தோன்றும். துணித் தட்டைச் சற்றுச் சாய்த்து வைத்ததும், ஐ.சி.க்கள் பொதிந்து வரும் கறுப்புக் கார்பன் ஸ்பாஞ்சை உலோகப் பரப்புகளில் எல்லாம் ஒட்டியதும் அதை வெகுவாக அடக்கின. எஞ்சியதை அளவீட்டுத் திருத்தம் பார்த்துக்கொள்கிறது: மூலத்தை மறைத்து ஓர் அளவு, எதுவும் இல்லாமல் திறந்து விட்டு ஓர் அளவு. ஒவ்வொரு விளக்கின் எண்ணிலிருந்தும் முதலாவதைக் கழித்து, திறந்த அளவில் எத்தனை பங்கு என்று வகுத்துவிட்டால், பதினாறு விளக்குகளின் பதினாறு விதமான கூர்மையும் ஒன்றாகிவிடுகிறது. இதைச் செய்யாத படம் வரி வரியாகத்தான் இருக்கும்.

பாலித்தீன் பையோடு ஒரு டி-ஷர்ட்டை வைத்து, நடு மடிப்பில் சொட்டுக் குழாயால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன். பதினாறு விளக்குகளும் ஓர் ஓட்டத்தில் பார்ப்பது சுமார் 6 செ.மீ. அகலம் என்பதால் நான்கு ஓட்டங்கள், ஓட்டம் ஒன்றுக்கு 17.5 நொடி, 70 நொடியில் முழுப் படம். பை இருந்த சுவடே படத்தில் இல்லை. தோள் தையல் சாம்பல் கோடாகவும், துணி இருமடியான கழுத்துப் பட்டை அதைவிடச் சற்று அடர்த்தியாகவும், சொட்டு விட்ட இடம் ஊறிப் பரவிய வடிவத்தோடு கரும் திட்டாகவும் வந்தன. வெளியிலிருந்து கை வைத்துப் பார்த்தால் அந்த இடம் உலர்ந்தே இருந்தது. நெஞ்சில் ஃபாயில் பிரிண்ட் உள்ள சட்டையை வைத்தபோது அந்த எழுத்துகள் முழுக் கறுப்பாக விழுந்தன. உலோகம் பூசிய அந்தப் படலத்துக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா என்று இந்த முறையால் சொல்ல இயலாது. அத்தகைய ரகங்களை இதில் சோதிப்பதில் பொருளில்லை. உடைந்த ஊசி முனையையும் இது காட்டுமா என்று நண்பர் கேட்டார். உலோகப் பொத்தான் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அலைநீளத்தைவிடச் சிறிய ஊசித் துண்டுக்கு, இப்போது பயன்பாட்டில் உள்ள காந்த முறை ஊசி கண்டறியும் எந்திரமே சரியானது. அதன் இடத்தை இது பிடிக்காது.

இப்போது வேகத்தைக் கட்டுப்படுத்துவது நகர்த்தும் அமைப்பு. சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் ஸ்க்ரூவும் ஸ்டெப்பர் மோட்டாரும் நொடிக்கு 20 மி.மீ. வரைதான் நடுக்கமில்லாமல் போகின்றன. 20 மில்லிநொடிக்கு ஒரு புள்ளி இடைவெளி (3.81 மி.மீ.) என்று கொண்டால் மின்சுற்று நொடிக்கு 190 மி.மீ. வரை ஈடுகொடுக்கும், அந்த வேகத்தில் ஓர் ஓட்டத்துக்கு இரண்டு நொடிக்கும் குறைவாகவே ஆகும். அடுத்ததாக ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, பேக்கிங் மேசையில் ஓடும் சிறிய பெல்ட்டை வைக்கப் போகிறேன். பெல்ட்டில் வைத்தால் துணியைத் திருப்பி நான்கு முறை ஓட்ட முடியாது என்பதால் 64 விளக்குகள் வேண்டியிருக்கும், அதற்கு ஏ.டி.7606 எட்டு, எஃப்.407 போர்டு இரண்டு என்று கணக்கிட்டிருக்கிறேன். இணையான அலையும் அந்த அகலத்துக்கு விரிய வேண்டும், ஆகவே லென்ஸைப் பெரிதாக்குவதா, மூலத்தைத் தள்ளி வைப்பதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். விளக்குகளை இந்த முறை நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் செருகும்படி அமைக்கிறேன். 3 மில்லியாம்பியரில் எரியும் குமிழின் கண்ணாடி உட்புறம் கம்பிகளை ஒட்டிக் கறுக்கத் தொடங்கியதும் அதைக் கழற்றி, முன்பே பழக்கி அளந்து வைத்த ஒன்றைச் செருகிவிட்டு, மறைத்த அளவையும் திறந்த அளவையும் புதிதாக எடுத்துக்கொண்டால் வேலை தொடரும்.